ஆம்ப் இல்லாத மேடைக்கு ஒரு பேஸ்: யமஹா டிஆர்பிஎக்ஸ் 304

பேஸ் கிதார் விமர்சனம் எதை எடுத்தாலும் ஒரு நல்ல ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), கதவு சாத்திய ஒரு அறை, காதில் ஹெட்போன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் பக்கத்து மேடையில் பேஸுக்கு ஆம்ப் கிடையாது. அன்னூர்க் கல்யாண மண்டபமானாலும் சரி, சூலூர்ப் பக்கம் மாரியம்மன் நோம்பியானாலும் சரி, மைக் செட்காரர் என்ன கொண்டுவந்து இறக்குகிறாரோ அதுதான் சவுண்டு. இரண்டு டாப் ஸ்பீக்கர், இரண்டு பேஸ் பெட்டி, ஒரு மிக்சர், பாடுகிறவர் தன் குரலைக் கேட்கக் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். அந்த மானிட்டரில் பேஸையும் கொஞ்சம் ஏற்றிவிடச் சொன்னால், “அண்ணா, பாடறவிங்களுக்கு அவிங்க குரலே கேக்க மாட்டீங்குதுன்னு சத்தம் போடறாங்கண்ணா” என்று பதில் வரும். அதுவும் நியாயம்தான்.

அதனால் எந்த பேஸைக் கையில் எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். நேராக மிக்சரில் சொருகினால் இது எப்படிப் பேசும்? யமஹா டிஆர்பிஎக்ஸ் 304 அந்த இடத்தில் நன்றாகவே பேசுகிறது. விலை முப்பதாயிரத்தைத் தாண்டும். வாரக் கடைசியில் வாசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்ன முட்டுவழி இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யமஹா என்றால் எங்கள் ஊரில் ஆர்எக்ஸ் 100தான். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. இன்றைக்கும் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் டீக்கடையில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கிதார் பெட்டியைப் பிரித்தபோது என் மச்சான், “ஏம் மாப்ள, வண்டிக் கம்பெனிக்காரன் கிடாரும் போடறானா?” என்றார். கதை தலைகீழ். 1887இல் டொரகுசு யமஹா ஜப்பானில் ரீட் ஆர்கன் செய்யத் தொடங்கியதுதான் ஆரம்பம். மோட்டார் கம்பெனி 1955இல்தான் தனியாகப் பிரிந்தது. வண்டி டேங்கில் ஒட்டியிருக்கும் முத்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மூன்றும் இசைக்கவைகள். மச்சான் இதை நம்பவில்லை. வெளியே போய் டேங்கைப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் குழுவில் யாருக்கும் இது தொழில் அல்ல. கீபோர்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. டிரம்ஸ் வாசிக்கிற தம்பி ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறான். அவன் ஷிப்டைப் பார்த்துத்தான் நாங்கள் தேதியே ஒத்துக்கொள்வோம். பாடுகிறவர்களில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், பரீட்சை மாதங்களில் வரமாட்டார். கிடைக்கிற பணம் வண்டி வாடகைக்கும் ராத்திரிப் பரோட்டாவுக்கும் போக, மிச்சம் இருந்தால் பங்கு. இந்தக் கணக்கில் முப்பதாயிரத்துக்கு மேல் போட்டு ஒரு பேஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு முன்னால் கையில் இருந்த பேஸைப் பற்றிச் சொன்னால்தான் பதில் புரியும்.

அது ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரியே செய்யப்பட்ட ஒரு விலை குறைந்த நகல். கம்பெனிப் பெயர் வேண்டாம். பார்க்க லட்சணமாக இருக்கும், கழுத்தும் மோசமில்லை. மேடையில் விளக்கைப் போட்டதும் இரைய ஆரம்பித்துவிடும்.

வைண்டிங் செய்கிறவனுக்கு, பேஸில் கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப் புதுச் சமாச்சாரம் இல்லை. காந்தத்தைச் சுற்றித் தாமிரக் கம்பி. அதற்கு மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காயிலில் கரண்டு பிறக்கும். பட்டறையில் என் கையில் ஓடுவது 22 கேஜ், 24 கேஜ் கம்பி. பிக்கப்பில் சுற்றுவது அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ். கிட்டத்தட்ட 0.06 மில்லிமீட்டர், தலைமுடி கனம்தான் வரும். அதில் ஆயிரக்கணக்கான சுற்று. அத்தனை சுற்றுள்ள காயில், மேலே இருக்கிற கம்பி அதிர்வதை மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருக்காது. பக்கத்தில் ஓடும் டிரான்ஸ்பார்மர், சீரியல் செட்டின் கண்ட்ரோலர், எல்இடி பார்லைட்டின் பவர் சப்ளை, மேடைக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இதில் பேஸுக்கென்றே ஒரு தனிக் கெரகம் உண்டு. நம் ஈபி கரண்டு 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த இ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த மூன்றாவது உலோகப் பட்டையில், இருக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது கரண்டின் ‘உம்’ என்ற இரைச்சல், பேஸ் வாசிக்கிற அதே பள்ளத்தில், ஜிக்குக் கொஞ்சம் தூக்கலாக உட்கார்ந்திருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடினால் இன்னும் வேடிக்கை. லோடு அதிகம் ஏறாத டீசல் ஜெனரேட்டர் 52 ஹெர்ட்ஸ் வரை சுற்றும். அது அச்சாக ஜி ஷார்ப். பாட்டு ஜி ஸ்கேலில் போய்க்கொண்டிருக்கும்போது அடியில் அரைச் சுரம் தள்ளி ஜெனரேட்டரும் ஒரு பாட்டுப் பாடும். கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது. “என்னமோ சேரலீங்க” என்பார்கள். கிதாரில் வரும் இரைச்சலை மிக்சரில் லோ கட் போட்டு, அதாவது அடிச் சத்தத்தை வெட்டி, ஓரளவு மறைக்கலாம். பேஸில் அந்த இடத்தை வெட்டினால் பேஸே போய்விடும்.

இதற்கு மருந்து பழைய மருந்துதான். ஒரு காயிலை வலப்பக்கம் சுற்றி, பக்கத்தில் இன்னொரு காயிலை இடப்பக்கம் சுற்றி, இரண்டாவதன் காந்தத்தையும் தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கம்பியின் அதிர்வுக்குச் சுற்றும் திரும்பியிருக்கிறது, காந்தமும் திரும்பியிருக்கிறது. அதனால் அது இரண்டிலும் ஒரே பக்கமாக விழுந்து கூடும். ஹம்பக்கர் என்பது இவ்வளவுதான். 1955 வாக்கில் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் கிதாருக்குச் செய்தது. ஃபெண்டர் பிரசிஷன் பேஸில் 1957இல் வந்த இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் இதே தத்துவம்தான். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருந்தால், இரண்டு வால்யூமையும் சமமாக வைக்கும்வரை இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும். என்னிடம் இருந்த நகலைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு காயிலும் ஒரே பக்கம்தான் சுற்றியிருந்தது. எவனோ சிக்கனம் பிடித்திருக்கிறான்.

304இல் இருப்பவை இரண்டு ஹம்பக்கர். எம்3 என்று பெயர், செராமிக் காந்தம். ஒவ்வொரு பிக்கப்பும் தனித்தனியே இரட்டைக் காயில் என்பதால், இரண்டு பிக்கப்பில் எது எவ்வளவு கேட்கவேண்டும் என்று மாற்றும் பேலன்ஸ் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அமைதி அப்படியே நிற்கிறது. வாங்குவதற்கு முன் கடையில் நான் செய்த சோதனையும் இதுதான். கடைத் தம்பி பெரிய ஆம்ப் ஒன்றில் மாட்டி, பேஸைத் தூக்கி வைத்து, தொம் தொம் என்று வாசித்துக் காட்டினான். அந்த ஆம்பில் துடைப்பக் குச்சியை மாட்டினாலும் நன்றாகத்தான் கேட்கும். “தம்பி, அந்தக் கூட்டமெல்லாம் வேண்டாங், அந்த மிக்சர்ல நேரா போடு, டியூப்லைட்டப் பக்கத்துல கொண்டா” என்றேன். பழைய சோக்கு போட்ட டியூப்லைட் ஒன்று கடையின் பின்னறையில் இருந்தது. அதன் அடியில் போய் நின்று கம்பியைத் தொடாமல் வால்யூமை முழுக்கத் திருப்பினேன். லேசாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். எந்தக் கடைக்குப் போனாலும் இப்படிக் கேளுங்கள். விற்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது விஷயம், இது ஆக்டிவ் பேஸ். உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடி, சிக்னலைப் பலப்படுத்தும் சின்ன ப்ரீஆம்ப் இருக்கிறது. பேட்டரி இல்லாத பாசிவ் பேஸிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது, இம்பிடன்ஸ் (ஒரு வகை மின்தடை) அதிகம். அதைப் பத்து லட்சம் ஓம் உள்ள ஆம்ப் உள்ளீட்டில் கொடுத்தால் சரியாக இருக்கும். மிக்சரின் லைன் உள்ளீடு பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான் இருக்கும். அதில் நேராகச் சொருகினால் உச்சஸ்தாயி எல்லாம் செத்து, கம்பளிக்குள்ளிருந்து யாரோ தட்டுவது போலக் கேட்கும். ஆக்டிவ் சர்க்யூட்டின் வெளியீடு பலமானது. மிக்சரில் நேராகச் சொருகினாலும் முகம் மாறாமல் வரும். எங்களுக்கு மேடை கிடைக்கும் லட்சணத்துக்கு இது பெரிய உபகாரம். நோம்பிகளில் இப்போதெல்லாம் வள்ளி கும்மி இல்லாமல் இல்லை. ஒரே நிறத்தில் சேலை கட்டி நூறு பேர் ஆடுவதை ஊரே ஓரம்பரைகளோடு நின்று பார்க்கும். நானும் பார்ப்பேன், பார்க்க அத்தனை நன்றாக இருக்கும். ஆனால் அது முடிந்த பிறகுதான் மேடை எங்கள் கைக்கு வரும். சவுண்டு செக்காவது ஒன்றாவது. “அண்ணா, சாமிப் பாட்டோட ஆரம்பிச்சரலாமுங்களா?” என்று கமிட்டித் தம்பி வந்து நிற்பான். டிரம்ஸ் தம்பி ஸ்டாண்டை முடுக்கி முடிப்பதற்குள் நான் தயாராகிவிடுகிறேன். ஒரு கேபிள், அவ்வளவுதான்.

நேராகச் சொருகலாம் என்றாலும், நடுவில் ஒரு டிஐ பெட்டி வைத்துக்கொள்வது என் வழக்கம். மிக்சர் மேடை ஓரத்தில் இருந்தால் தேவையில்லை. கூட்டத்துக்கு நடுவில் பந்தல் போட்டு முப்பது மீட்டர் தள்ளி வைத்திருந்தால் சாதாரண பி-38 பின் கேபிள் அவ்வளவு தூரத்துக்கு ஆகாது, வழியெல்லாம் இரைச்சலை அள்ளிக்கொண்டு போகும். டிஐ பெட்டி அதே சிக்னலை கேனான் பின்னில், மைக் கேபிளில் போகிற மாதிரி பேலன்ஸ்டு ஆக்கி, அதாவது வழியில் ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி இரட்டைக் கம்பியில், கொடுக்கும். அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால், இரண்டு இடத்தில் எர்த் சேர்வதால் வரும் உம் சத்தமும் போகும். சாதாரண பாசிவ் பெட்டியே இந்த பேஸுக்குப் போதும். பேஸ் ஆக்டிவாக இருக்கும்போது டிஐக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை.

எர்த் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், பேஸுக்குச் சம்பந்தம் குறைவுதான். உம் சத்தம் போகவேண்டும் என்று பவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், செய்கிறவர்களையும் விடாதீர்கள். கோயில் மைதானத்தில் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியே அடிக்காமல் ஓட்டுவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் விரல் பேஸ் கம்பியில் இருக்கும், உதடு மைக்கில் படும். இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் இருந்தால் வழி உங்கள் உடம்புதான். மேடை ஏறியதும் நான் முதலில் பையிலிருந்து எடுப்பது டெஸ்டர். மைக்கின் வலையில் ஒரு தரம், பேஸ் பிரிட்ஜில் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீச்சரைப் பாடவிடுவேன்.

இனி இந்த பேஸில் சத்தத்தின் குணத்தை மாற்றும் ஐந்து நிலை சுவிட்ச். ஸ்லாப், பிக், ஃப்ளாட், ஃபிங்கர், சோலோ என்று பெயர். விளம்பரத்துக்கு வைத்த பொம்மை என்று நினைத்துத்தான் வாங்கினேன். இப்போது இந்த பேஸில் எனக்கு மிகவும் வேண்டிய பாகம் அதுதான், ஆனால் பெயருக்கும் நான் பயன்படுத்தும் விதத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

பேஸின் இ கம்பியைச் சும்மா விட்டுத் தட்டினால் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். பெரிய சப், அதாவது பேஸ் பெட்டி, அதைக் கொடுக்கும். சின்ன மண்டபத்தில் வைக்கும் பன்னிரண்டு அங்குல டாப் அதைக் கொடுக்கவே கொடுக்காது. இருந்தும் நமக்கு அந்தச் சுரம் கேட்கிறது. எப்படி என்றால் 82, 123 என்று அதன் மடங்குகள் பெட்டியில் வருகின்றன, மிச்சத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே சின்ன சிஸ்டத்தில் பேஸ் கேட்கவில்லை என்றால், பேஸ் குமிழைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. பெட்டி தடதடக்கும், சுரம் வராது. நடுப்பகுதியைத் தூக்க வேண்டும். 304இல் பேஸ், டிரெபிள் என்று இரண்டு பேண்ட்தான். நடுவுக்குக் குமிழ் இல்லை. இது என் மனசுக்குக் குறைதான். அந்தக் குறையை சோலோ நிலை ஈடுகட்டுகிறது. அதில் நடு நன்றாக முன்னால் வரும். சோலோ வாசிக்க எனக்கு யாரும் சந்தர்ப்பம் தருவதில்லை. கல்யாண வரவேற்பில் பேஸ் சோலோ வாசித்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். ஆனால் மண்டபத்துக்குள் முழு ராத்திரியும் சுவிட்ச் சோலோவில்தான் நிற்கும். மண்டபங்கள் எல்லாம் கிரானைட் தரை, மார்பிள் சுவர், கூரைவரை வெறும் எதிரொலி. அங்கே அடி பேஸ் ஒரு பெரிய குட்டையாகத் தேங்கிவிடும். சோலோவில் வைத்து பேஸ் குமிழைச் சித்தெ இறக்கினால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து விழும்.

திறந்த வெளியில் வேறு கதை. மைதானத்தில் அடி பேஸைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது, போனது போனதுதான். அங்கே ஃபிங்கர் நிலை, பேஸ் குமிழ் கொஞ்சம் மேலே. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் சும்மா தாளம் தட்டாது, பாடகருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். அந்த நடை வெளியே கேட்கவேண்டும் என்றால் ஃபிங்கர்தான் சரி. குத்துப் பாட்டுக்கு ஃப்ளாட்டில் வைத்தாலே போதும், மிச்சத்தை டிரம்ஸ் தம்பியின் ஆக்டோபேட் (எலக்ட்ரானிக் டிரம் பேட்) பார்த்துக்கொள்ளும். ஸ்லாப் நிலையை நான் தொடுவதில்லை. நடுவைக் குடைந்து எடுத்துவிடுகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அதுதான் ஐந்திலும் அழகாகக் கேட்கும். மேடையில் கீபோர்டும் பேடும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். கடையில் இதைக் கேட்டு மயங்கி வாங்குகிறவர்கள் எச்சு என்று நினைக்கிறேன்.

பேட்டரிக்கு வருவோம். இந்த பேஸில் ஆக்டிவ், பாசிவ் மாற்றும் சுவிட்ச் இல்லை. பேட்டரி தீர்ந்தால் சத்தம் நின்றது. இதற்கு அடுத்த படியான 504இல் அந்தச் சுவிட்சும் உண்டு, மூன்று பேண்டும் உண்டு, விலையும் அதற்குத் தக்கபடி. 304 வாங்குகிறவர் ஒரு பழக்கத்தைப் பிடித்தே ஆகவேண்டும். கேபிளை பேஸில் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். வீட்டுக்கு வந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். இடைவேளையிலும் அப்படித்தான், ஆனால் அதற்கு முன் மிக்சர்க்காரரிடம் சைகை காட்டி சேனலை அமுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘டொப்’ என்ற சத்தத்தில் முன்வரிசைப் பாட்டிகள் பதறிவிடுவார்கள். பேட்டரி இறங்குவது முன்கூட்டியே தெரியும். ஓங்கித் தட்டும் சுரங்கள் கரகரக்கத் தொடங்கும். அப்படிக் கேட்ட அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இந்தச் சதுர பேட்டரி எல்லாப் பெட்டிக் கடையிலும் கிடைக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கிராமத்தில் தேடினால் டார்ச் லைட் பேட்டரிதான் கிடைக்கும். ஆபத்துக்குக் கைகொடுப்பவர் மைக் செட்காரர். கார்ட்லெஸ் மைக்கில் சிலர் இன்னும் இதையேதான் போடுகிறார்கள். நான் பெட்டியில் ஒன்று, பர்சில் ஒன்று வைத்துக்கொள்கிறேன்.

மரவேலை பற்றி நீட்டி முழக்க எனக்கு அறிவு போதாது. மஹாகனி உடம்பு, மேப்பிளும் மஹாகனியும் ஐந்து பட்டையாக ஒட்டிய கழுத்து, 24 ஃப்ரெட், 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). இந்தோனேசியாவில் செய்தது. தாமிரக் கம்பி எடை போடும் என் பட்டறைத் தராசில் மூன்றே முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. தோளில் மாட்டினால் தலைப்பக்கம் இறங்காமல் போட்ட இடத்தில் நிற்கிறது. வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கிறவனுக்கு மரத்தின் ஜாதியைவிட இதுதான் முக்கியம். பிக்கப்பின் ஓரத்தையே கட்டைவிரல் வைக்க வசதியாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய விஷயம் இல்லை, ஆனால் கை தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கழுத்தின் வளைவை மட்டும் வருசத்துக்கு இரண்டு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. இது இந்த பேஸின் குற்றம் இல்லை, மரத்தின் இயல்பு. சித்திரை வெயிலில் காய்ந்து, ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கத் தொடங்கினால் கழுத்து கொஞ்சம் அசையும். முதல் ஃப்ரெட்டிலும் உடம்பு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. பட்டறைக்காரர்களிடம் ஃபீலர் கேஜ் இருக்கும், இரவல் வாங்கலாம். கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை ஆலன் சாவியால் ஒரு தரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பிவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

கூடவே வந்த கம்பிகள் பளபளவென்று இருந்தன, அவற்றின் மினுக்கு சீக்கிரமே போய்விட்டது. கோடை மேடையில் வியர்வைக்கு எந்தக் கம்பியும் அப்படித்தான். புது செட் இரண்டாயிரம் ரூபாய்ப் பக்கம் வருவதால், பழையதைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுவேன். சுற்றுகளுக்கு நடுவில் அடைந்த எண்ணெயும் அழுக்கும் போய் சத்தம் ஓரளவு திரும்பும். சில கச்சேரிக்குத் தாங்கும், அவ்வளவுதான். அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், ரசச் சட்டியை எடுத்தால் வீட்டில் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

வேறு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. இதே வரிசையின் 174 விலை குறைவு, பாசிவ், பிளந்த பிக்கப் ஒன்றும் ஒற்றைக் காயில் ஒன்றும் இருக்கும். வீட்டில் பழகப் போதும். மேடைக்கு என்றால் அதனுடன் ஒரு ஆக்டிவ் டிஐ சேர்த்து வாங்க வேண்டிவரும், அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபனெஸ் எஸ்ஆர் 300இ நேர் போட்டி. மூன்று பேண்ட் ஈக்யூ இருக்கிறது, நடுவுக்குத் தனிக் குமிழ் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதைப் பார்க்கலாம். கழுத்தும் ஒல்லி. எனக்கு மேடையின் இருட்டில் குமிழைத் தடவித் தேடுவதைவிட ஒரு சுவிட்சைத் தட்டுவது சுலபமாக இருந்தது, அதனால் இந்தப் பக்கம் வந்தேன். பிரசிஷன் மாதிரிதான் வேண்டும், ஒரே பிக்கப், ஒரே சத்தம், பேட்டரித் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையர் இருக்கிறது. பிளந்த பிக்கப் என்பதால் இரைச்சல் பயமும் இல்லை. டிஐ மட்டும் நல்லதாகப் போடவேண்டும்.

ஆம்ப் வாங்க வைத்திருக்கும் பணத்தையும் சேர்த்து பேஸிலேயே போடுங்கள் என்றுதான் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குச் சொல்கிறேன். பயிற்சிக்குச் சின்னதாக ஒன்று இருந்தால் போதும். முப்பது கிலோ பெட்டியை ஆம்னி வேனில் டிரம்ஸோடு திணித்துக் கொண்டுபோனாலும், மேடையில் மைக் செட்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இத அக்கட்டால வச்சிருங்ண்ணா, லைன் மட்டும் குடுங்க” என்றுதான் சொல்லப்போகிறார்.

ஐந்து கம்பியுள்ள 305ஐயும் இப்போது பலர் கேட்கிறார்கள். அதன் கீழ்ப் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். நமக்கு வரும் மைக் செட்டில் நல்ல சப் இருந்தாலே 41 தெளிவாக வருவது பாக்கியம். அந்தக் கம்பிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் சத்தத்தை எங்கள் சுற்றுவட்ட மேடைகளில் யாரும் கேட்கப்போவதில்லை. டியூன் இறக்காமல் டி ஃப்ளாட், சி என்று கீழே போகும் பாட்டுகள் உங்கள் பட்டியலில் நிறைய இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் நாலு கம்பியே போதும்.